அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர், பிறகு ஏன் ஏற்றுகிறார்கள்? நோர்அட்ரினலின் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு என்றாவது காதில் விழும்.

“அம்மாட பிரஷர் நல்லா இறங்கிட்டு. ஏத்துறதுக்கு நோரட் போட்டிருக்கம்.”

“அம்மாவுக்குப் பத்து வருஷமா பிரஷர் இருக்குத்தானே டொக்டர்? கிளினிக்கில குளிசையும் எடுக்கிறா. பிறகு ஏன் ஏத்துறீங்க?”

மகள் கேட்டது நியாயமான கேள்வி. பிரஷர் கூடக் கூடாது, உப்பைக் குறை, குளிசையை விடாதே என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவர்களே இன்றைக்கு மெஷின் வைத்து அதை ஏற்றினால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். அந்த வாசலில் நின்று விளக்க டொக்டருக்கு நேரம் கிடைப்பதும் குறைவு.

வார்டில் நோரட் என்று சுருக்கிச் சொல்வது நோர்அட்ரினலினை: உடம்பின் நரம்புகளே சுரக்கும், மருந்தாகவும் ஏற்றப்படும் ஒரு பொருள். இணையத்தில் தேடினால் நோர்எபிநெப்ரின் என்ற அமெரிக்கப் பெயரிலும் வரும், இரண்டும் ஒன்றுதான். கூடவே, இது ஒரு ‘ஸ்ட்ரெஸ் ஹோர்மோன்’, இதை எப்படிக் குறைப்பது என்று ஆயிரம் குறிப்புகளும் வரும். அந்தக் குறிப்புகளால் பெரிய பிரயோசனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். இந்தப் பொருள் கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. உடம்பின் எந்த இடத்தில், எந்த வாங்கியில் (கலத்தின் மேலிருந்து செய்தியை வாங்கும் ‘ரிசெப்டர்’) போய் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐ.சி.யூ. மருந்தும், அம்மாவின் பிரஷர் குளிசையும், அப்பாவின் புரொஸ்டேட் குளிசையும், பக்கத்து வீட்டு அக்கா மனச்சோர்வுக்கு எடுக்கும் மருந்தும் ஒரே பொருளைச் சுற்றி நிற்பது தெரியும்.

எங்கிருந்து வருகிறது

நாம் சாப்பிடும் பருப்பு, மீன், முட்டை, பால் எல்லாவற்றின் புரதத்திலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நரம்புக் கலங்கள் அதை எடுத்து டோபாவாக்கி, டோபாவை டோபமினாக்கி, டோபமினை நோர்அட்ரினலினாக்குகின்றன. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகளில் இன்னும் ஒரு படி நடந்து அட்ரினலின் உண்டாகிறது. ஆக, டோபமின், நோர்அட்ரினலின், அட்ரினலின் மூன்றும் ஒரே வரிசையில் பிறந்த சகோதரங்கள்.

டோபமினை நோர்அட்ரினலினாக மாற்றும் படிக்கு விற்றமின் சி தேவை. இதைப் படித்துவிட்டு நோயாளிக்குத் தோடம்பழச் சாறு கொண்டு ஓட வேண்டாம். தொற்று முற்றிப்போன ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு விற்றமின் சி-யை ஊசியாக ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. நன்மை தெரியவில்லை. ஊசி ஏற்றப்பட்டவர்களில் மரணமும் நீடித்த உறுப்புச் செயலிழப்பும் சேர்ந்து பார்த்தால் அதிகமாகவே இருந்தது.

நோர்அட்ரினலினின் பெரும்பகுதி சுரப்பியிலிருந்து வருவதில்லை. இதயம், இரத்தக் குழாய், குடல், சிறுநீரகம் என்று உடம்பு முழுக்கப் பரவி, ஆபத்து நேரத்தில் உடம்பை உசார்ப்படுத்தும் பரிவு நரம்புகளின் நுனியிலிருந்துதான் வருகிறது. 1946இல் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வொன் ஒய்லர் இதைக் கண்டு சொன்னார். நரம்பு வெளியே விட்ட நோர்அட்ரினலினின் பெரும்பகுதியை அதே நரம்பே திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது என்று ஜூலியஸ் அக்செல்ரொட் பிறகு கண்டுபிடித்தார். இருவரும் 1970இல் பேர்னார்ட் கட்ஸ் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த உறிஞ்சும் விஷயம் பின்னால் மனச்சோர்வு மருந்துகளுக்கு வரும்போது தேவைப்படும்.

மூளைக்குள்ளும் இது உண்டு. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று நீல நிறச் சாயல் கொண்ட ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதில் உள்ள கலங்களின் எண்ணிக்கை சில பத்தாயிரங்கள்தான், ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் மூலை முடுக்கெல்லாம் போகின்றன. விழிப்பு, கவனம், பயம் மூன்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

வெளியே வந்த நோர்அட்ரினலின் கலங்களின் மேலுள்ள வாங்கிகளில் போய் ஒட்ட வேண்டும், அப்போதுதான் ஏதாவது நடக்கும். 1948இல் அமெரிக்கரான றேமண்ட் அல்குவிஸ்ட் இவற்றை அல்பா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்தார். ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குப் பார்மசி அலுமாரியில் ஒரு முழுத் தட்டு அந்தப் பிரிவை நம்பி நிற்கிறது. இரத்தக் குழாய்களில் இருக்கும் அல்பா-1 குழாயை இறுக்கும். இதயத்தில் இருக்கும் பீட்டா-1 துடிப்பைக் கூட்டும், வலுப்படுத்தும். நரம்பின் நுனியிலேயே இருக்கும் அல்பா-2 “போதும், நிற்பாட்டு” என்று தகவல் கொடுக்கும். மூச்சுக் குழாயைத் திறக்கும் பீட்டா-2இல் மட்டும் நோர்அட்ரினலினுக்குப் பிடிமானம் குறைவு. இறால் சாப்பிட்டு ஒவ்வாமையில் தொண்டை வீங்கி மூச்சு முட்டும் ஒருவருக்குத் தொடைத் தசையில் அட்ரினலின் போடுவதும் நோர்அட்ரினலின் போடாததும் இந்தக் காரணத்தால்தான்.

ஐ.சி.யூ.வில் நடப்பது

இனி அந்த மகளின் கேள்விக்கு வருவோம். சீனி வருத்தம் உள்ள வயதான அம்மா. சிறுநீர்த் தொற்று கவனிக்காமல் விடப்பட்டு இரத்தத்தில் பரவிவிட்டது. காய்ச்சல், நடுக்கம், பிறகு மயக்கம். இந்த நிலையில் உடம்பின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் இறுக்கம் இழந்து விரிந்துவிடுகின்றன. அவற்றின் சுவர்கள் கசியவும் தொடங்குகின்றன. வெள்ளவத்தையில் பழைய பிளட் ஒன்றின் மேல்மாடியில் இருப்பவர்களுக்கு இது எளிதாக விளங்கும்: கீழே எல்லா வீட்டிலும் பைப்பைத் திறந்து விட்டால் மேலே தண்ணீர் ஏறாது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், டாங்கியிலும் தண்ணீர் இருக்கும், அழுத்தம் மட்டும் இருக்காது. அம்மாவின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அப்போது அதுதான் கதி.

முதலில் சேலைன். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் அளவில் முதல் சில மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கம், ஆளைப் பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். அதோடு அன்டிபயோட்டிக். அதற்கும் பிரஷர் எழும்பவில்லை என்றால் நோர்அட்ரினலின். அது அல்பா-1 வழியாக விரிந்த குழாய்களை இறுக்கி, பீட்டா-1 வழியாக இதயத்துக்கும் கொஞ்சம் உந்துதல் கொடுக்கிறது.

எவ்வளவுக்கு ஏற்றுகிறார்கள் என்பதுதான் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐ.சி.யூ.வில் மேல் எண் கீழ் எண்ணை விட, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி அழுத்தத்தைப் பார்ப்பார்கள். 120/80 உள்ள ஒருவரின் சராசரி ஏறத்தாழ 93. அம்மாவுக்கு வைத்திருக்கும் இலக்கு பெரும்பாலும் 65. அவரைப் ‘பிரஷர்காரி’ ஆக்குவது நோக்கமே இல்லை. உறுப்புகள் சாகாமல் இருக்கத் தேவையான அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அங்கே பிடித்து வைக்கிறார்கள். வீட்டில் எடுத்த பிரஷர் குளிசைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைப்பதும் இதனால்தான்.

பல வருடம் உயர் அழுத்தத்துக்குப் பழகிய உடம்புக்கு 65 காணுமா? மகளின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இந்த இரண்டாவது கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2014இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் ஒரு பிரிவினருக்கு 65 முதல் 70, மற்றப் பிரிவினருக்கு 80 முதல் 85 என்று இலக்கு வைத்தார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே பிரஷர் வருத்தம் இருந்தவர்களில், உயர் இலக்கு வைத்தவர்களுக்கு டயலிசிஸ் தேவைப்பட்டது குறைவு. மறுபக்கம், உயர் இலக்கில் இதயத் துடிப்புத் தாளம் தப்புவது அதிகம். அதனால் டொக்டர் அம்மாவின் இலக்கைச் சற்றுக் கூட்டி வைத்தால் அதற்கும் காரணம் இருக்கிறது.

கட்டிலருகே போக விட்டால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஸ்டாண்டில் ஒரு சின்ன மெஷின், அதில் படுக்க வைத்த சிரிஞ்ச், அதன் தண்டை மெஷின் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நிமிடத்துக்குக் கிலோ ஒன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் போகிறது என்று வைத்தால், இருபத்துநாலு மணி நேரத்துக்கும் சேர்த்து 9 மில்லிகிராம் கூட வராது. அந்தத் துளியளவு மருந்துதான் ஒருவரின் இரத்த ஓட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது. இரத்தத்தில் அதன் ஆயுளும் குறைவு: இரண்டு நிமிடம் போனால் பாதி போய்விடும். சிரிஞ்ச் முடிவதற்கு முன்பே தாதி அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைத்திருப்பது அதனால்தான். மாற்றும்போது ஏற்படும் சின்ன இடைவெளியிலும் பிரஷர் விழுந்துவிடும். அந்த நேரத்தில் “மிஸ், அம்மா சாப்பிட்டாவா?” என்று கேட்டுப் பதில் வராவிட்டால் கோபிக்க வேண்டாம்.

மருந்து பெரும்பாலும் கழுத்தில் போட்ட லைன் வழியாகப் பெரிய நாளத்துக்குப் போகும். அவசரத்துக்குக் கையில் போட்ட ஊசி வழியாகவும் தொடங்குவார்கள். கையில் போகும்போது ஊசி விலகி மருந்து தசைக்குள் கசிந்தால், அந்த இடத்துக் குழாய்கள் இறுகி, தோல் வெளிறி, பிறகு தசையே செத்துப்போகலாம். ஊசி போட்ட இடம் வெளுத்திருந்தால், அம்மா “நோகுது” என்றால், உடனே தாதியிடம் சொல்லுங்கள். அல்பா வாங்கியை அடைக்கும் ஃபென்டோலமைன் என்ற மருந்தை அந்த இடத்தில் ஊசியாகப் போட்டுச் சரிக்கட்டலாம், ஆனால் சுணங்கக் கூடாது.

ஒரு காலத்தில் இந்த இடத்தில் டோபமின்தான் அதிகம் பாவித்தார்கள். நோர்அட்ரினலினுக்குக் கெட்ட பெயர்: அது போட்டால் ஆள் முடிந்தார் என்று வைத்தியர்களே பேசிய காலம் உண்டு. சாகும் தறுவாயில், போதிய சேலைன் இல்லாமல், அளவுக்கு மீறிப் போட்டதில் வந்த பெயர் அது. 2010இல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் டோபமின் எடுத்தவர்களுக்கு இதயத் தாளம் தப்புவது கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. அதோடு வழக்கம் மாறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோர்அட்ரினலின் தொற்றைக் குணப்படுத்தாது. அன்டிபயோட்டிக் வேலை செய்யும்வரை அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். “நோரட் குறைச்சுக்கொண்டு வாறம்” என்று டொக்டர் சொன்னால், அது அன்றைக்கு ஐ.சி.யூ.விலிருந்து வரக்கூடிய நல்ல செய்திகளில் ஒன்று.

கொழும்பில் டெங்கு சீசனில் கேட்கும் கேள்வி வேறு: பிரஷர் இறங்கிவிட்டதே, இதே மருந்தைப் போடலாமே? டெங்குவில் பிரஷர் விழும் ‘ஷொக்’ எனும் அதிர்ச்சி நிலையில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிகிறது. குழாய்கள் ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும், கைகால் சில்லிட்டிருப்பதைத் தொட்டே அறியலாம். உள்ளே போதிய நீர் இல்லாத குழாயை மேலும் இறுக்கி என்ன பயன்? அங்கே அளந்து அளந்து கொடுக்கும் சேலைன்தான் பிரதான வைத்தியம். உள்ளே இரத்தக்கசிவு என்றால் இரத்தம் ஏற்ற வேண்டும்.

கூடிப்போனால்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குத் தேள்கடி புதிதல்ல. பெரிய கறுப்புத் தேள் கொட்டினால் உயிர் போகிற வலி, ஆனால் உயிர் போகாது. குடாநாட்டில் இருக்கும் சின்னச் செந்தேள் அப்படியில்லை. இந்தியாவில் பல உயிர்களைக் குடித்த அதே இனம். அதன் நஞ்சு நரம்புகளின் சோடியம் வாயில்களை மூட விடாமல் திறந்து வைக்கிறது. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, சேமித்து வைத்திருந்த நோர்அட்ரினலினையும் அட்ரினலினையும் கொட்டித் தள்ளுகின்றன. உடம்பெல்லாம் வியர்வை, கைகால் குளிர், பிரஷர் ஏற்றம், கடைசியில் இதயம் தாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கட்டும். இளம் பிள்ளைகள் இதில் இறந்திருக்கிறார்கள்.

மகாராஷ்டிராவில் மஹாத் என்ற சிற்றூரில் வேலை செய்த டொக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980களில் இதற்குப் பிராசோசின் என்ற மலிவான குளிசையைக் கொடுத்துப் பார்த்தார். அது அல்பா-1 வாங்கியை அடைக்கிறது. நோர்அட்ரினலின் இரத்தத்தில் நிரம்பி வழிந்தாலும் குழாயை இறுக்க வழியில்லை. இறப்பு மளமளவென்று குறைந்தது. 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. யாழ்ப்பாணத்திலும் செந்தேள் கடிக்கு அதே குளிசை கைகொடுக்கிறது.

பிராசோசின் என்ற பெயர் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வீட்டில் உள்ள கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். நம் நாட்டில் பிரஷருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, பரவலாக எழுதப்படும் குளிசை அது. அப்பாவுக்குச் சிறுநீர் தடையின்றிப் போகக் கொடுக்கும் டம்சுலோசினும் அதே குடும்பம், புரொஸ்டேட்டைச் சுற்றியுள்ள தசையை இளக விடுகிறது. நாம் படுக்கையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் நரம்புகள் நோர்அட்ரினலினைக் கூடுதலாக விட்டு, காலில் இறங்கும் இரத்தத்தைத் தடுத்து, தலைக்கு ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. அல்பாவை அடைத்தால் அந்தப் பாதுகாப்பு தளர்கிறது. இரவில் எழும்பிப் பாத்ரூம் போகும் அப்பா தலைச்சுற்றி விழுவது இப்படித்தான். ஒரு குளிசை பிரஷர் கிளினிக்கிலும் மற்றது வேறொரு இடத்திலும் எழுதப்பட்டிருந்தால், இரண்டையும் ஒருவரே எடுக்கிறார் என்று இரண்டு டொக்டர்மாருக்கும் தெரியாமல் போகலாம். கொப்பியையும் குளிசைப் பையையும் இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

மூக்கடைப்புக்குப் பார்மசியில் வாங்கும் சைலோமெட்டசொலின் துளி இதற்கு நேர் எதிர். அல்பாவைத் தூண்டி மூக்கின் குழாய்களை இறுக்குகிறது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், துளி இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வரும். பிரஷர் உள்ளவர்கள் மூக்கடைப்புக் குளிசைகளைக் கேட்டு வாங்கும்போது பிரஷர் இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

இதயம் பலவீனமானவர்களின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஏனென்றால் அதில் வைத்தியத்துறையே தலைகீழாகத் திரும்பியது. மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பம்ப் பண்ணும் சக்தி குறைகிறது. உடம்பு அதை இரத்தம் இழந்ததாக எடுத்துக்கொள்கிறது. நோர்அட்ரினலினைக் கூட்டுகிறது, இதயத்தை விரட்டுகிறது, குழாய்களை இறுக்குகிறது, சிறுநீரகத்தை உப்பும் நீரும் பிடித்துவைக்கச் சொல்கிறது. சில மணி நேரத்துக்கு இது உயிர்காக்கும். மாதக்கணக்கில் நீடித்தால் இதயத் தசையையே அரிக்கிறது. இரத்தத்தில் நோர்அட்ரினலின் எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆயுள் குறைகிறது என்று 1984இலேயே ஓர் ஆய்வு காட்டியது.

அப்போதைய பாடப்புத்தகம் என்ன சொன்னது? பலவீனமான இதயத்துக்குப் பீட்டாவை அடைக்கும் மருந்து கொடுக்கவே கூடாது, ஏற்கெனவே தள்ளாடும் இதயத்தைத் தள்ளி விழுத்தாதே என்று. கேட்டால் யாருக்கும் சரியென்றே படும். சுவீடனில் சில வைத்தியர்கள் 1975இலேயே ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, ஆட்கள் தேறுகிறார்கள் என்று எழுதியபோது பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. 1999இல் அத்தகைய மருந்துகளான பிசோபுரோலோல், மெட்டோபுரோலோல் இரண்டின் பெரிய ஆய்வுகளும் வெளிவந்தன. இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தடைசெய்யப்பட்டிருந்த மருந்து கட்டாய மருந்தாகிவிட்டது. கார்வெடிலோலும் அப்படித்தான்.

நோயாளிக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு விஷயம். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள். முதல் சில வாரம் முன்பை விடக் களைப்பாகக்கூட இருக்கும். “இந்தக் குளிசை எனக்கு ஒத்துவரேல்ல” என்று அங்கேயே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். அடுத்தது, திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து அடைத்து வைத்திருந்த காலத்தில் இதயம் வாங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருக்கும். மருந்து போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும், நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பும் வரலாம். ஊருக்குப் போகும்போது குளிசையைக் கொழும்பில் மறந்து வைத்துவிட்டுப் போனால் அங்கே ஒரு பார்மசியைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

மூளையில்

சர்ப்பகந்தி என்ற மூலிகை நம் ஊர் வைத்தியத்தில் பழையது, சிங்களத்தில் ஏகவெரிய என்பார்கள். பம்பாயில் இருந்த டொக்டர் ருஸ்தம் வக்கீல் அது பிரஷரைக் குறைக்கிறது என்று 1949இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. சில வருடங்களில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பு நுனியில் நோர்அட்ரினலினைச் சேமித்து வைக்க விடாமல் செய்கிறது. பிரஷர் இறங்கியது. ஆனால் எடுத்தவர்களில் சிலர் சோர்ந்து, அழுது, ஒடுங்கிப்போனார்கள் என்று செய்திகள் வந்தன. அதே காலத்தில், நோர்அட்ரினலின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் இமிப்ரமின் மனச்சோர்வைத் தீர்க்கிறது என்று தெரியவந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, மனச்சோர்வு என்பது மூளையில் நோர்அட்ரினலின் குறைவதால் வருவது என்ற கொள்கையை ஜோசப் ஷில்ட்கிராட் 1965இல் முன்வைத்தார்.

அழகான கொள்கை, ஆனால் அப்படியே நிற்கவில்லை. மருந்து உறிஞ்சலைத் தடுப்பது முதல் நாளே நடந்துவிடுகிறது. மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கிறது. குறைந்ததை நிரப்புவதுதான் வேலை என்றால் அன்று பின்னேரமே குணம் தெரிய வேண்டுமே. இடையில் மூளை தன் வாங்கிகளையும் இணைப்புகளையும் மெதுவாக மாற்றிக்கொள்கிறது என்பதுதான் இன்றைய பார்வை. கொள்கை ஆட்டம் கண்டாலும் மருந்துகள் வேலை செய்கின்றன. வென்லாஃபாக்சின், டுலோக்செட்டின் இரண்டும் செரொட்டோனின் என்ற இன்னொரு நரம்புப் பொருளையும் நோர்அட்ரினலினையும் சேர்த்துப் பிடித்துவைப்பவை. வென்லாஃபாக்சின் அளவு கூடினால் பிரஷரும் ஏறலாம், எடுப்பவர்கள் அளந்து பார்க்க வேண்டும். நிறுத்துவதும் படிப்படியாகத்தான்.

சீனி வருத்தக்காரருக்குக் கால் எரிவு, ஊசி குத்துவது போன்ற வலி வரும்போது அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து யாராவது பேரைத் தேடிப் பார்த்துவிட்டு, “இது மனநோய்க் குளிசை, எனக்கென்ன விசரா?” என்று தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. மூளைத்தண்டிலிருந்து முள்ளந்தண்டுக்கு இறங்கும் நோர்அட்ரினலின் நரம்புகள், மேலே வரும் வலிச் செய்தியை வழியிலேயே தணிக்கின்றன. அந்தத் தணிப்பைக் கூட்டத்தான் இந்தக் குளிசை. வலிக்குக் கொடுக்கும் அளவு மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விடப் பெரும்பாலும் குறைவு. டுலோக்செட்டினும் இதே வேலைக்கு வரும்.

பிள்ளைகளின் கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட், அட்டொமொக்செட்டின் இரண்டும் இதே பொருளைத் தொடுகின்றன, ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது. போரின் நினைவுகள் கனவில் வந்து எழுப்புபவர்களுக்குப் பிராசோசின் கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. சிறிய ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்தது. 2018இல் அமெரிக்க முன்னாள் படையினரிடம் நடந்த பெரிய ஆய்வில் வெற்றுக் குளிசையை விட மேலாக இல்லை. சிலருக்குக் கைகொடுக்கிறது என்று இன்னும் எழுதும் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

அளந்து பார்க்கலாமா

“ஸ்ட்ரெஸ் ஹோர்மோன் கூடிட்டோ எண்டு ஒரு பிளட் டெஸ்ட் செய்யலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பதட்டத்துக்கோ மனச்சோர்வுக்கோ இந்தச் சோதனையால் பயனில்லை. ஊசியைக் கண்ட பயத்திலேயே எண் ஏறும். படுத்திருந்தவர் எழும்பி நின்றாலே இரத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்காகும்.

இதை அளப்பதற்கு உண்மையான காரணம் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அரிய கட்டி. அட்ரினல் சுரப்பியில் வளர்ந்து, நோர்அட்ரினலினையும் அட்ரினலினையும் நினைத்த நேரம் கொட்டும். திடீர்த் தலையிடி, தெப்பமாய் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, அந்த நேரத்தில் அளந்தால் 200ஐத் தாண்டிய பிரஷர். சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல் அடங்கிவிடும். பிரஷர் உள்ளவர்களில் ஆயிரத்துக்கு ஒரு சிலருக்கு மட்டும் இருக்கக்கூடியது. பல பேர் இதைப் பதட்ட நோய் என்று நினைத்து வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

சந்தேகம் வந்தால் நோர்அட்ரினலினை நேரடியாக அளப்பதை விட, அது உடைந்து வரும் மெட்டநெஃப்ரின்களை இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அளப்பார்கள். இரத்தம் எடுப்பதற்கு முன் இருபது முப்பது நிமிடம் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள், அந்த நேரத்தில் எழும்பிப் போய்ப் பிளேன்டீ குடிக்கக் கூடாது. அமிட்ரிப்டிலின், வென்லாஃபாக்சின் போன்றவை முடிவைக் குழப்பும் என்பதால், எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் முதலே சொல்ல வேண்டும்.

கட்டி உறுதியானால் சத்திரசிகிச்சைதான், அதற்கு முன் குறைந்தது ஒன்றிரண்டு வாரம் அல்பாவை அடைத்து வைப்பார்கள். படபடப்புக்குப் பீட்டாவை அடைப்பது அதற்குப் பிறகுதான் வரும். வரிசை மாறக் கூடாது. பீட்டாவை முதலில் அடைத்தால், இரத்தக் குழாய்களையும் விரிக்கும் பீட்டா-2உம் சேர்ந்து அடைபட, அல்பா மட்டும் தனித்து நின்று இறுக்கும், பிரஷர் எகிறும். இந்தக் கட்டி இருப்பது தெரியாமல், படபடப்பு என்று மட்டும் போய் புரொப்ரனலோல் என்ற பீட்டா அடைக்கும் குளிசையை வாங்கிக் குடித்தவருக்கு நிலைமை மோசமானால், டொக்டர் யோசிக்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.